தகரப் பெட்டியில் ஒரு யன்னல்: முதல் மொடிங் வேலைக்குக் கருவியும் வெளிச்சமும்

பழைய கம்பியூட்டர் கேஸின் பக்கத் தகட்டில் ஒரு யன்னல், மேலே ஒரு 120 மி.மீ. விசிறி, உள்ளே கொஞ்சம் வெளிச்சம். சின்னம்மாவின் மகன் கேட்டது இவ்வளவுதான். அவனுக்கு இதுதான் முதல் மொடிங், அதாவது கேஸை வெட்டித் தன் விருப்பப்படி மாற்றும் வேலை. இருப்பது கொழும்பில், வெள்ளவத்தையில், கடலுக்குக் கிட்ட, தொடர்மாடியின் மூன்றாம் மாடி. தனிப் பட்டறை கிடையாது. ஒரு பல்கனியும் சாப்பாட்டு மேசையும்தான். கேஸ், ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கறுப்பு மிட் டவர் (நடுத்தர உயரப் பெட்டி). கண்ணாடி எதுவும் இல்லாத முழுத் தகரம்.

வீடியோக்களைப் பார்த்து அவன் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தான். நூறு துணைக்கருவிகளுடன் வரும் ரோட்டரி டூல் (வேகமாகச் சுழலும் சிறு கைக்கருவி), பெரிய ஹோல் சோ (ட்ரிலில் மாட்டிப் பெரிய வட்டம் வெட்டும் வாள்), ரிமோட்டில் ஏழு நிறம் மாறும் லைட் செட். மூன்றையும் பட்டியலில் இருந்து வெட்டினேன். அவன் முகம் வாடியது உண்மை. ஆனால் முதல் வேலையில் காசு போக வேண்டிய இடம் வேறு. வெட்டும் கருவியை இரவல் வாங்கலாம். அடையாளம் போடுவதும், அசையாமல் பிடிப்பதும், விளிம்பைச் சீராக்குவதும் சொந்தக் கருவியால் நடக்க வேண்டும். ஏனென்றால் முடிந்த கேஸைப் பார்க்கிறவர் கண்ணில் படுவது விளிம்புதான். அது எதனால் வெட்டப்பட்டது என்று யாரும் கேட்கப் போவதில்லை.

எந்தக் கருவியையும் வாங்க முன்னர் கேஸ் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். இப்போது வருகிற பல கேஸ்களின் பக்கத்தில் டெம்பர்ட் கண்ணாடி இருக்கிறது. அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது. ட்ரில் முனை உள்ளே இறங்கியதும் முழுத் தகடும் சிறு துண்டுகளாக உதிரும். அப்படிப்பட்ட கேஸ் என்றால் கண்ணாடியை விட்டுவிட்டு மேல் தகட்டிலும் முன் பகுதியிலும் மட்டும் வேலை செய்யலாம். எங்களுடையது நாகப் பூச்சுப் போட்ட உருக்குத் தகடு. கலிப்பரில் பெயின்டோடு சேர்த்து 0.7 மி.மீ. சாதாரணக் கேஸ்கள் பெரும்பாலும் 0.5 முதல் 0.8 மி.மீ.க்குள்தான். இந்த மெல்லிய தகட்டை வெட்டப் பெரிய பலம் தேவையில்லை. தொல்லை வேறு: பிடி தளர்ந்தால் தகடு படபடவென்று அதிரும், வளையும், கோடு விலகும்.

சாமான் வாங்கப் புறக்கோட்டைக்குப் போனோம். காலி வீதியில் 100ஆம் அல்லது 101ஆம் இலக்க பஸ் பிடித்தால் நேரே இறங்கலாம். கையில் பாரம் இல்லாதபோது எனக்குக் கடலோர ரயிலில் கோட்டைக்குப் போவதுதான் பிடிக்கும். இரும்புச் சாமானுக்குப் பழைய சோனகத் தெரு, மின் சாமானுக்கு முதலாம் குறுக்குத் தெரு. வெள்ளிக்கிழமை பகலில் போகாதீர்கள். ஜும்ஆ நேரத்தில் பல கடைகள் அடைத்திருக்கும், வெயிலில் வீணாக நிற்க வேண்டிவரும்.

பழைய சோனகத் தெருவில் நாங்கள் போன கடையின் நானா, என்ன வேலை என்று கேட்டார். 'கம்பியூட்டர் பெட்டியிலே யன்னல் வெட்டப் போறோம் நானா' என்றதும் தகட்டின் தடிப்பைக் கேட்டார். அதைக் கேட்கிற கடைக்காரரை நம்பி வாங்கலாம். 'தம்பி, இதுக்குப் பெரிய பல் பிளேட் சரிவராது, பிடிச்சு இழுக்கும்' என்று சொல்லி, அங்குலத்துக்கு 24 பல் உள்ள ஜிக்சோ (மேலும் கீழும் ஓடி வெட்டும் மின்வாள்) பிளேட்டை எடுத்து வைத்தார்.

அவர் சொன்னதன் காரணம் எளிது. அங்குலத்துக்கு 24 பல் என்றால் பல்லுக்குப் பல் இடைவெளி ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. எங்கள் தகடு அதைவிட மெல்லியது. பல் பெரிதாகப் பெரிதாகத் தகடு இரண்டு பல்லுக்கு நடுவில் விழுந்து கொக்கி மாட்டியதுபோல் இழுபடும். நுண்ணிய பல் எடுத்தாலும் இந்தத் தொல்லை முழுதாகத் தீராது. அதனால் தகட்டின் கீழே பிளைவூட் பலகை ஒன்றை வைத்து, இரண்டையும் சேர்த்தே வெட்ட வேண்டும். பிளேட்டுக்கு அப்போது தடித்த பொருளை வெட்டுவதுபோல் இருக்கும், தகடும் துள்ளாது.

வாங்கியவற்றில் நான் முதலிடம் கொடுப்பது நான்கு ஜி கிளாம்ப்களுக்கு. அதற்கு அடுத்து சென்டர் பஞ்ச். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் குழி போட்டால்தான் ட்ரில் முனை பெயின்டில் வழுக்கி ஓடாது. பிறகு 4 முதல் 20 மி.மீ. வரை படிப்படியாகப் பெருக்கும் ஸ்டெப் பிட் ஒன்று. மெல்லிய தகட்டில் சாதாரண பிட் பெரிய துளை போட்டால் துளை முக்கோணமாகிவிடும், ஸ்டெப் பிட் வட்டமாகவே போடும். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் இதில் மலிவைத் தேட வேண்டாம். ஒரு தட்டை அரம், ஒரு அரைவட்ட அரம், 240, 400, 600 சேண்ட் பேப்பர், நல்ல மாஸ்கிங் டேப், ஓர் உருக்கு அடிமட்டம், கண்ணுக்குக் கண்ணாடி. விளிம்பை மூடும் யு வடிவ ரப்பர் சில மீற்றர். கடைசியாக ஒரு மல்டிமீட்டர்: சாதாரணமானது போதும், ஆனால் கட்டாயம் வேண்டும்.

கையுறை வாங்கும்போது ஒன்றைச் சொல்லி வைத்தேன். வெட்டிய தகட்டைத் தூக்கும்போது போடு, ட்ரில் சுழலும்போது கழற்று. சுழலும் முனையில் துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

ட்ரில் என்னிடம் இருந்தது. ஜிக்சோவைக் கீழ்மாடியில் தச்சு வேலை செய்யும் அங்கிளிடம் இரவல் கேட்டோம். பிளேட் மட்டும் எங்களுடையது. ரோட்டரி டூல் வேண்டாம் என்றதற்கு மாடி வீடும் ஒரு காரணம். அதன் வெட்டும் தட்டு இரும்பில் படும்போது தீப்பொறி பறக்கும், உலோகத் தூசு காற்றில் மிதக்கும். பல்கனிக் கொடியில் உடுப்புக் காயும் வீட்டில் அது நல்லதல்ல. தட்டுகளும் மெல்லியவை, சற்றுச் சாய்ந்தால் உடைந்து தெறிக்கும். நேர்கோட்டில் நீளமாக வெட்டுவதற்கு ஜிக்சோ அதைவிட நல்ல கருவி. சத்தம் கூடத்தான், ஆனால் கெதியாக முடிந்துவிடும். பக்கத்து வீடுகளுக்கு முதல் நாளே சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலை வெயில் ஏறிய பிறகு தொடங்கினோம். போயா (பௌர்ணமி) நாளில் இந்த வேலையைத் தொடுவதில்லை. மேல்மாடியில் சில் எடுக்கும் (பௌத்த விரதம் இருக்கும்) ஒரு அம்மா இருக்கிறார்.

வெட்டுவதற்கு முன் கேஸை முழுதாகக் காலி செய்தோம். மதர்போர்ட், பவர் சப்ளை, வயர் எதையும் உள்ளே விடக்கூடாது. இரும்புத் துகள் ஒன்று போர்டில் இரண்டு பின்னுக்கு நடுவில் கிடந்தாலே போதும், போர்ட் போய்விடும். தூசு தட்டினால் சரி என்று நினைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். துகள் மடிப்புக்குள் ஒளிந்திருந்து பிறகுதான் விழும். வேலை முடிந்ததும் காந்தம் ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றி எல்லா மூலையிலும் ஓட்டினோம். பையைத் திருப்பி உதறினால் துகள் எல்லாம் கழன்றுவிடும்.

யன்னலின் அளவை முடிவு செய்ததில்தான் கூட நேரம் போனது. பக்கத் தகட்டின் ஓரங்களில் கேஸோடு கொளுவும் நாக்குகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கிட்ட வெட்டினால் தகடு தளர்ந்து, மூடும்போது நெளியும். சுற்றிவர நான்கு சென்டிமீற்றர் விட்டோம். யன்னலை மூடும் பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு) உள்பக்கம் வருவதால் 3 மி.மீ. தடிப்பும் அதைப் பிடிக்கும் நட்டும் உள்ளே இடம் எடுக்கும். சி.பி.யூ.வின் சூட்டைத் தணிக்கும் கூலர் உயரமானது என்றால் முட்டும். மூடிய நிலையில் கூலரின் மேல் எவ்வளவு இடம் இருக்கிறது என்று, ஒரு களிமண் உருண்டையைக் கூலரில் வைத்து மூடித் திறந்து, அது நசுங்கிய தடிப்பைப் பார்த்து அளந்தோம்.

தகடு முழுவதும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் பென்சிலால் கோடு. டேப் இருந்தால் கோடு தெளிவாகத் தெரியும், ஜிக்சோவின் அடித்தட்டு பெயின்டைக் கீறாது. நான்கு மூலையிலும் பஞ்ச் அடித்து, ஸ்டெப் பிட்டால் 16 மி.மீ. துளை. மூலை வளைவாக வருவது அழகுக்கு மட்டுமல்ல, பிளேட்டை உள்ளே விடவும் இந்தத் துளைதான் வழி, யு ரப்பரும் கூர் மூலையில் மடிந்து நிற்காது, வளைவில் வடிவாகப் போகும். ட்ரிலை ஆறுதலாகச் சுற்ற விட்டு, முனையில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. வேகம் கூடினால் முனை சூடேறி மழுங்கிவிடும்.

ஜிக்சோவைத் தம்பிதான் பிடித்தான். கோட்டில் வெட்டாதே, கோட்டுக்கு உள்ளே ஒரு மில்லிமீற்றர் விட்டு வெட்டு, மிச்சத்தை அரம் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னேன். 'தள்ளட்டா அண்ணா?' என்று கேட்டான். தள்ளக்கூடாது, பிளேட் தானாகச் சாப்பிட்டுக்கொண்டு போக வேண்டும், கை வழிகாட்டினால் போதும். கடைசிப் பக்கத்தை வெட்டும் முன் நடுத் துண்டை டேப்பால் பலகையோடு ஒட்டினோம். இல்லாவிட்டால் முடியும் தறுவாயில் அது தொங்கி, மூலையை வளைத்துவிடும்.

அப்புறம் அரம். இந்த வேலையை விரும்பிச் செய்ய வேண்டும். அரத்தை முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்தி, திரும்பும்போது தூக்க வேண்டும். விளிம்புக்குக் குறுக்கே அல்ல, சாய்வாக, நீளத்தோடு போக வேண்டும். வெட்டும்போது கோடு அங்கங்கே அலைந்திருந்தது, முதல் வேலையில் அது இயல்பு. அரம் பிடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் அடிமட்டத்தை வைத்தால் வெளிச்சம் ஊடுருவாத அளவுக்கு வந்துவிட்டது. தம்பி முதல் தடவையாகத் தானே விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம்.

மேல் விசிறிக்கு ஹோல் சோ ஏன் வேண்டாம் என்றால், அந்தப் பெரிய வட்டம் மெல்லிய தகட்டில் ஒரு பல் சிக்கினாலும் ட்ரிலையே கையிலிருந்து திருப்பும். முதல் வேலைக்கு அது ஆபத்து. 120 மி.மீ. விசிறியின் ஆணித் துளைகள் நடுவுக்கு நடு 105 மி.மீ. சதுரத்தில் இருக்கும். 140 மி.மீ. விசிறிக்கு 124.5. கடதாசியில் சதுரத்தையும், நடுவில் 115 மி.மீ. வட்டத்தையும் வரைந்து ஒட்டி, நான்கு மூலைத் துளைகளை முதலில் போட்டோம். வட்டத்தை ஜிக்சோவால் வெட்டினோம். ஓரம் சற்று அலைந்தாலும் விசிறியின் கம்பி வலை மறைத்துவிடும்.

வெட்டிய விளிம்பில் நாகப் பூச்சு இல்லை, வெறும் இரும்பு. வெள்ளவத்தையில் இதை அப்படியே விடக்கூடாது. உப்புக் காற்றில் பல்கனிக் கம்பியே கறள் பிடிக்கும் ஊர் இது. 400இல் தேய்த்து, துடைத்து, பிரைமர் மெல்லிய பூச்சாக இரண்டு தடவை, அதற்கு மேல் மேட் கறுப்பு. ஸ்ப்ரே அடிக்க நாள் பார்க்க வேண்டும். மழை இருட்டிய நேரத்தில் அடித்தால் காற்றின் ஈரம் பூச்சில் சிக்கி வெண்மையாகப் புகைபடியும். மே மாதத்துக்குப் பிறகும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் இந்தத் தொல்லை அதிகம். வெயில் அடிக்கும் முற்பகலில் அடித்து, பின்னேரம் வீட்டுக்குள் எடுத்துக் காய விடுங்கள்.

பெர்ஸ்பெக்ஸைப் பெயர்ப்பலகை செய்யும் கடையில் வாங்கினோம். அங்கே வெட்டி மிஞ்சிய 3 மி.மீ. துண்டுகள் இருக்கும். அளவைக் கொடுத்தால் லேசரில் வெட்டியும் தருவார்கள், அந்த விளிம்பு பளபளவென்று வரும். மேலே ஒட்டிய பாதுகாப்புத் தாளைக் கடைசிவரை உரிக்க வேண்டாம். ஒட்டுவதை விட எம்3 (3 மி.மீ.) ஸ்க்ரூ போடுவது எனக்குப் பிடிக்கும், பிறகு கழற்றிக் கழுவலாம். துளையை மட்டும் 4 மி.மீ. ஆகப் போடுங்கள். பெர்ஸ்பெக்ஸ் இரும்பை விடப் பல மடங்கு விரியும். 30 சென்டிமீற்றர் துண்டு 20 பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.4 மி.மீ. நீளும். துளை இறுக்கமாக இருந்தால் ஸ்க்ரூவைச் சுற்றி வெடிக்கும். தின்னர், ஸ்பிரிட் எதனாலும் துடைக்கவும் கூடாது, உள்ளே நரம்பு நரம்பாகக் கீறல் விழும். சவர்க்காரத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

இனி வெளிச்சம். நான் ஆசையோடு செய்த பகுதி இது.

2000களின் தொடக்கத்தில் கேஸுக்குள் வெளிச்சம் என்றால் சி.சி.எஃப்.எல். எனும் மெல்லிய கண்ணாடிக் குழாய் விளக்குதான். நூற்றுக்கணக்கான வோல்ட் தரும் இன்வேட்டர் ஒன்று கூடவே வேண்டும், குழாய் உடைந்தால் பாதரசம். இன்றைக்கு யாரும் அதைத் தேட வேண்டியதில்லை. எல்.ஈ.டி. ஸ்ட்ரிப்பில் இரண்டு வகை இருப்பதை மட்டும் பிரித்து அறிய வேண்டும். ஒன்று 12 வோல்ட். ஒரே நேரத்தில் முழு ஸ்ட்ரிப்பும் ஒரே நிறம் காட்டும். மதர்போர்டில் இதற்கு நான்கு பின். மற்றது 5 வோல்ட். ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக நிறம் மாற்றலாம். இதற்கு மூன்று பின், நடுவில் ஒரு பின் இல்லாத இடைவெளி. 5 வோல்ட் ஸ்ட்ரிப்பை 12 வோல்ட்டில் கொடுத்தால் அந்தக் கணமே எரிந்துவிடும். பொதியில் வோல்ட் அச்சடித்திருக்காவிட்டால் ஸ்ட்ரிப்பிலேயே வெட்டும் கோட்டுக்குப் பக்கத்தில் 12வி, 5வி என்று இருக்கும். முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டால் கடையிலேயே எரித்துக் காட்டுவார்கள். தயங்காமல் கேளுங்கள்.

தம்பியின் போர்ட் பழையது, இரண்டு வகைப் பின்னும் இல்லை. ஒற்றை வெள்ளை 12 வோல்ட் ஸ்ட்ரிப் எடுப்போம் என்றேன். ஏழு நிறமும் மாறும் கேஸில் கண் நிறத்தைப் பார்க்கும், கேஸைப் பார்க்காது. வெள்ளை வெளிச்சத்தில்தான் போர்டின் நிறமும், விசிறியின் இறகும், அவன் அரம் பிடித்த விளிம்பும் தெரியும். வெள்ளையிலும் 6500 கெல்வின் நீலம் கலந்தது, ஆஸ்பத்திரி வெளிச்சம். 3000 மஞ்சள். நடுவில் 4000 எடுத்தோம்.

எவ்வளவு நீளம் என்பது ஒரு சின்னக் கணக்கு. மீற்றருக்கு 60 விளக்கு உள்ள 5050 வகை (ஒவ்வொரு விளக்கும் 5 மி.மீ. சதுரம்), மீற்றருக்கு 14.4 வோட் எடுக்கும். அரை மீற்றர் 7.2 வோட், 12 வோல்ட்டில் 0.6 அம்பியர். பவர் சப்ளையின் மோலெக்ஸ் வயருக்கு (நான்கு வயர் வரும் பிளக்) இது ஒரு பொருட்டே அல்ல. மதர்போர்டில் விசிறிக்கான பின்னில் மட்டும் சேர்க்க வேண்டாம். அது வழக்கமாக ஒரு அம்பியருக்குத்தான், விசிறியும் அதில்தான் ஓட வேண்டும். மோலெக்ஸில் மஞ்சள் 12, சிவப்பு 5, கறுப்பு இரண்டும் தரை (கிரவுண்ட்). இருந்தாலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்த பிறகே இணைத்தோம்.

இந்த ஸ்ட்ரிப்பை மூன்று விளக்குக்கு ஒரு தடவை, கோடு போட்ட இடத்தில் மட்டும் வெட்டலாம். வெட்டிய முனையில் செம்பு வெளியே தெரியும். கேஸின் உடல் முழுவதும் தரை, அதனால் 12 வோல்ட் செம்பு தகட்டில் பட்டால் நேரடி ஷோர்ட். வயர் பற்றவைக்கும் முனையைப் பலரும் மூடுவார்கள், மறுமுனையை மறந்துவிடுவார்கள். இரண்டு முனையிலும் ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய்) போட்டுச் சூடு காட்டினோம். சோல்டரிங் அயர்ன் 40 வோட் போதும். 63/37 சோல்டர் (வெள்ளீயமும் ஈயமும் கலந்தது) 183 பாகையிலேயே உருகும். கெதியாகப் பற்றவைத்து எடுத்தால் ஸ்ட்ரிப்பின் பட்டை கருகாது.

எங்கே ஒட்டுவது? விளக்கு கண்ணுக்குத் தெரியக்கூடாது, அதன் வெளிச்சம் விழும் இடம் மட்டும் தெரிய வேண்டும். யன்னலுக்கு நேரே ஒட்டினால் பெர்ஸ்பெக்ஸில் புள்ளி புள்ளியாகப் பிரதிபலிக்கும், கூசும். நாங்கள் யன்னலின் மேல் விளிம்புக்குப் பின்னால் உள்ள மடிப்பில், போர்டை நோக்கித் திருப்பி ஒட்டினோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மடிப்பு மறைத்துவிடும். கேஸின் உள்பக்கம் பெயின்ட் அடிக்காத சாம்பல் நிறம் என்பது எங்களுக்கு வாய்த்தது, வெளிச்சத்தைத் திருப்பித் தந்தது. உள்ளும் கறுப்பு என்றால் பாதி வெளிச்சத்தைக் குடித்துவிடும். அப்போது இன்னொரு ஸ்ட்ரிப் போடுவதை விட, போர்டுக்குப் பின்னால் தெரியும் தகட்டை வெள்ளையாக்குவது நல்லது. ஒட்டும் இடத்தில் எண்ணெய் துளியும் இருக்கக்கூடாது. உலோகத்தில் ஸ்பிரிட் பாவிக்கலாம். கொழும்புச் சூட்டில் ஸ்ட்ரிப்பின் பசை மெல்ல இளகும் என்பதால், இரு முனையையும் சிறிய கேபிள் டையால் கட்டியும் விட்டோம்.

ஒரு சின்ன டிம்மரை இடையில் சேர்த்தேன். அந்த மேசை அவன் படுக்கும் அறையில் இருக்கிறது. முழு வெளிச்சத்தில் இரவில் தூக்கம் வராது. கால் பங்குக்குக் குறைத்ததும்தான் போர்டின் நிழலும் ஆழமும் தெரிந்தன.

வெளிச்சம் போட்டதும் வயர்களின் சிக்கல் பளிச்சென்று தெரிந்தது. இதற்கு வேறு மருந்தில்லை, எல்லாவற்றையும் கழற்றிப் பின்பக்கமாக ஓட்டிக் கட்டினோம். காலி வீதித் தூசும் அப்படித்தான் தெரியும். மேல் விசிறி காற்றை வெளியே தள்ளும்படி பொருத்தியிருப்பதால், உள்ளே இழுக்கும் முன் விசிறிக்கு நைலோன் வலை ஒன்று வெட்டிப் போட்டோம்.

இப்போது அவன் நிறம் மாறும் விசிறி மூன்று வாங்கக் காசு சேர்க்கிறான். வாங்கட்டும். 5 வோல்ட் வகை எடுத்து, பவர் சப்ளையின் சாட்டா வயரில் ஓடும் தனிக் கொன்ட்ரோலர் ஒன்றையும் சேர்த்து எடுத்தால் இந்தப் பழைய போர்டிலும் ஓடும். அதற்கு முதல் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: இந்த மழை முடிந்ததும் யு ரப்பரைக் கழற்றி, விளிம்பைச் சுற்றிவரப் பார்க்க வேண்டும். பழுப்புப் புள்ளி ஏதும் கண்டால் அந்த இடத்தை மட்டும் 400இல் தேய்த்துப் பிரைமர் வைத்தால் போதும். மிச்சப் பிரைமர் டின்னையும் அரங்களையும் எண்ணெய்த் துணியில் சுற்றி, அவனுடைய மேசை லாச்சியிலேயே விட்டு வந்திருக்கிறேன்.